ஒரே ஸ்கேலில் நிலைத்துச் சேகரிப்பதா, பிடித்ததையெல்லாம் கட்டுவதா?

மேசைவிளக்கு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பிளாஸ்டிக் ஸ்கேல் மாடல் கட்டுவதில் அடிப்படை வேலைகள் எனக்கு ஓரளவு கைவந்துவிட்டன. பாகங்களை அவை இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து சேதமில்லாமல் வெட்டியெடுப்பது, இணைப்புக் கோட்டைப் புட்டியிட்டு நிரப்பி உப்புத்தாளால் தேய்ப்பது, தூரிகையால் வண்ணம் பூசுவது, டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படலம்) ஒட்டுவது ஆகியவற்றைத் தயக்கமின்றிச் செய்கிறேன். என் கேள்வி கட்டும் முறையைப் பற்றியதைவிட, கட்டியவை எப்படி ஒரு தொகுப்பாக வளர வேண்டும் என்பதைப் பற்றியது.

என் அலமாரியில் இப்போது 1/72 ஸ்கேலில் (அதாவது உண்மையின் 72-இல் ஒரு பங்கு அளவில்) உள்ள விமானங்கள், 1/48 விமானங்கள், ஒரு 1/35 டாங்கி, வார்ப்பு உலோகத்தாலான சில 1/43 கார்கள் ஆகியவை கலந்து நிற்கின்றன. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் நிறைவாக இருக்கிறது. ஆனால் 1/48 அளவிலுள்ள ஒற்றை இருக்கைப் போர்விமானம் 1/72 அளவிலுள்ள இரட்டை எஞ்சின் விமானத்துக்குச் சமமான இறக்கை அகலத்தோடு அருகருகே நிற்கும்போது, இரண்டில் எதன் உண்மையான பருமனும் பார்ப்பவருக்கு விளங்குவதில்லை. இனி வாங்குவதை ஒரே ஸ்கேலுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டுமா, அப்படியானால் எந்த ஸ்கேல், அதற்கான காரணம் என்ன என்பதை நீண்ட நாள் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். அலமாரியின் ஆழம் 40 செ.மீ. மட்டுமே என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

சிறகளவு:

நண்பரே, விமானங்கள்தான் உங்கள் முதன்மை விருப்பம் என்றால் 1/72 ஸ்கேலில் நிலைத்துவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. புகைப்படமோ திரையோ தர முடியாத ஒன்றை மாடல் தருகிறது: இரண்டு இயந்திரங்களின் பருமனை ஒரே பார்வையில் ஒப்பிடும் வாய்ப்பு. ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் இறக்கை அகலம் 11.23 மீட்டர், 1/72-இல் அது 15.6 செ.மீ. ஆகிறது. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் 31.09 மீட்டர் அகலம் 43 செ.மீ. ஆகிறது. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தப் பெரிய விமானத்தை இருட்டில் ஓட்டிச் சென்ற குழுவினர் எவ்வளவு பெரிய இலக்காக வானில் மிதந்தார்கள் என்பது எந்த விளக்கமும் இல்லாமல் புரிந்துவிடும். ஸ்கேல் கலந்துவிட்டால் இந்த ஒப்பீடு முழுவதும் போய்விடுகிறது. நீங்கள் கவனித்த உறுத்தலும் இதுவே.

அடுத்தது இடம். 1/48 மாடல் 1/72 மாடலைவிட நீளத்தில் ஒன்றரை மடங்குதான் பெரியது என்று நினைக்கத் தோன்றும். அலமாரியில் அது பிடிக்கும் பரப்போ 2.25 மடங்கு, கன அளவு 3.4 மடங்குக்குச் சற்றுக் குறைவு. அதே லங்காஸ்டர் 1/48-இல் கிட்டத்தட்ட 65 செ.மீ. அகலம் கொள்ளும். 56.4 மீட்டர் அகலமுள்ள பி-52 விமானம் 1/72-இலேயே 78 செ.மீ.; 1/48-இல் ஒரு மீட்டரைத் தாண்டி 117 செ.மீ.-க்கு மேல் போய்விடும். 40 செ.மீ. ஆழமுள்ள அலமாரியில் 1/72 விமானங்களே பெரியவையாக இருந்தால் சாய்த்து நிறுத்த வேண்டியிருக்கும் என்பதை இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்கள் ஏன் இப்படி விந்தையாக இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் தேர்வு இன்னும் எளிதாகும். 1/72 என்றால் ஓர் அங்குலத்துக்கு ஆறு அடி. 1/48 என்றால் கால் அங்குலத்துக்கு ஓரடி. 1/24 என்றால் அரை அங்குலத்துக்கு ஓரடி. அடியும் அங்குலமும் புழங்கிய பட்டறைகளில் பிறந்த எண்கள் இவை. 1936-இல் பிரிட்டனில் ஃப்ராக் நிறுவனம் 'பெங்குயின்' என்ற பெயரில் செல்லுலோஸ் அசிடேட்டால் செய்த விமானக் கிட்களை (கட்டுவதற்கான பாகங்கள் அடங்கிய பெட்டிகளை) 1/72 அளவிலேயே வெளியிட்டது. பிளாஸ்டிக் கிட்களின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1/35 முற்றிலும் வேறு வழியில் வந்தது. 1960களின் தொடக்கத்தில் தமியா நிறுவனம் தன் பேந்தர் டாங்கியை ஓடும் மாடலாக வடிவமைத்தபோது, மோட்டாரும் மின்கலங்களும் உள்ளே அமரும்படி உடலின் அளவை வகுத்தது. அப்படி அமைந்த அளவைப் பிறகு கணக்கிட்டுப் பார்த்ததில் அது ஏறக்குறைய 1/35 என்று வந்தது. உங்களிடமுள்ள 1/43 கார்களின் எண்ணோ ரயில் மாடல்களிலிருந்து கிடைத்தது. ஓரடிக்கு 7 மி.மீ. என்று வைக்கும் ஓ கேஜ் அளவின் வாரிசு அது.

ஆகவே இவை ஒன்றோடொன்று பொருந்துவதற்காகத் திட்டமிடப்பட்ட வரிசை அல்ல. 175 செ.மீ. உயரமுள்ள மனிதர் 1/35-இல் 5 செ.மீ. நிற்பார், 1/32-இல் ஏறத்தாழ 5.5 செ.மீ. நிற்பார். எண்ணில் அருகருகே இருப்பதால் இரண்டையும் கலக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரே காட்சியில் அவ்விரண்டு உருவங்களையும் தோளோடு தோள் நிறுத்தினால் கண் ஏற்றுக்கொள்ளாது. சற்றுத் தள்ளி நிற்கும் வாகனங்களில் 1/76-ஐயும் 1/72-ஐயும் கலப்பதை நான் பொறுத்துக்கொள்வேன்; அதற்கு மேல் போக மாட்டேன்.

1/72-க்கு எதிராகச் சொல்லக்கூடிய நியாயமான குறை ஒன்று உண்டு. விமானி அறையின் உட்புறத்தை விரிவாகச் செய்வதில்தான் உங்களுக்கு மகிழ்ச்சி என்றால், கருவிப்பலகை முழுவதும் விரல் நகத்தின் அகலத்துக்குள் அடங்கிவிடும் இந்த ஸ்கேல் உங்களை ஏமாற்றும். அத்தகையவர்கள் 1/32-க்குப் போய் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வது நல்லது. 1/48 இரண்டுக்கும் நடுவே நிற்பது. போர்விமானங்களை மட்டும் கட்டுபவருக்கு அது மிக இனிமையான அளவு, குண்டுவீச்சு விமானங்களையும் விரும்புபவருக்கு அலமாரி போதாது.

கப்பல்துறை:

சிறகளவு அவர்களின் விளக்கம் விமானங்களுக்கு முழுவதும் பொருந்தும். ஆனால் ஸ்கேலைத் தொகுப்பின் அடித்தளமாக வைப்பதை நான் ஏற்கவில்லை; பொருளை வைத்தே தொகுப்பைக் கட்ட வேண்டும். ஒரு குறிப்பிட்ட போர்முனையின் விமானங்கள், ஒரு தொழிற்சாலையின் எல்லா வடிவமைப்புகள், நீராவி இழுவையிலிருந்து மின்சார இழுவை வரையிலான ரயில் எஞ்சின்கள் என்று ஏதேனும் ஒரு கேள்விக்கு விடை சொல்லும்படி சேகரித்தால், ஸ்கேல் தானாகவே அந்தந்தக் குடும்பத்துக்கு ஏற்பப் பிரிந்து அமையும்.

எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்கேல் என்பது நடைமுறையிலும் இயலாது. 263 மீட்டர் நீளமுள்ள யமாட்டோ போர்க்கப்பலை 1/72-இல் செய்தால் 3.65 மீட்டர் வரும். 1/700-இல் அது 37.6 செ.மீ.; உங்கள் அலமாரியில் எந்தச் சிரமமும் இல்லாமல் அமரும். 1971-இல் ஜப்பானின் தமியா, ஹசேகவா, அவோஷிமா, ஃபுஜிமி ஆகிய நான்கு நிறுவனங்கள் தமக்குள் கப்பல்களைப் பகிர்ந்துகொண்டு, நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதியை மட்டும் 1/700-இல் வெளியிடத் தொடங்கின. போட்டியாளர்கள் ஒரே ஸ்கேலுக்கு உடன்பட்டதால்தான், ஒரு கடற்படையை முழுவதுமாக மேசைமீது வரிசைப்படுத்தும் வாய்ப்பு நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைத்தது. இதற்காக அவர்களை நான் எப்போதும் நன்றியோடு நினைப்பதுண்டு.

எனவே ஒரு தட்டுக்கு ஒரு ஸ்கேல் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். கண் ஒரு தட்டைத்தான் ஒரு நேரத்தில் ஒப்பிடுகிறது. 1/35 டாங்கியை விமானங்களின் தட்டிலிருந்து கீழே இறக்கிவிட்டாலே உங்கள் உறுத்தலில் பாதி தீர்ந்துவிடும்.

மேசைவிளக்கு:

இருவருக்கும் மிக்க நன்றி. விமானங்களை 1/72-இல் நிறுத்திக்கொண்டு, மற்றவற்றைத் தட்டு வாரியாகப் பிரித்து வைக்க முடிவு செய்கிறேன். இதனோடு தொடர்புடைய இரண்டு ஐயங்கள். சிறிய ஸ்கேலுக்குப் போனால் தூரிகைப் பூச்சு போதுமா, அல்லது ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி) கட்டாயமா? முடித்த மாடல்களும் பிரிக்காத கிட்களும் நீண்ட காலம் கெடாமல் இருக்க எதில் கவனமாக இருக்க வேண்டும்?

மெல்லியபூச்சு:

முதல் ஐயத்துக்கு மட்டும் என் பதில். ஏர்பிரஷ் கட்டாயமில்லை, பூச்சின் தடிமனைக் கட்டுப்படுத்துவதே கட்டாயம். 0.05 மி.மீ. தடிமனுள்ள வண்ணப் படலம் 1/72 ஸ்கேலில் 3.6 மி.மீ. தடிமனுக்குச் சமம். உண்மையான விமானத்தின் உலோகத் தோலே பல இடங்களில் அதைவிட மெல்லியது. அந்தக் கணக்கில் பார்த்தால், கெட்டியாகப் பூசிய ஒரே ஒரு கோட்டிங் அச்சில் நுட்பமாகச் செதுக்கப்பட்ட தகட்டிணைப்புக் கோடுகளையும் தறையாணித் தலைகளையும் மூடிவிடுவதில் வியப்பில்லை. தூரிகையால் பூசுபவர் வண்ணத்தைப் பால் பதத்துக்கு நீர்க்கச் செய்து, அகலமான மென்தூரிகையால் ஒரே திசையில் இழுத்து, முழுவதும் உலர்ந்த பிறகு குறுக்குத் திசையில் அடுத்த படலத்தைப் பூச வேண்டும். முதல் படலம் திட்டுத்திட்டாகத்தான் தெரியும். அந்த நிலையில் மீண்டும் மீண்டும் தொடாமல் விட்டுவிடும் பொறுமைதான் இதில் முக்கியம். மூன்றாவது நான்காவது படலத்தில் நிறம் சீராக அமர்ந்துவிடும்.

ஏர்பிரஷ் உண்மையில் உதவுவது இரண்டு இடங்களில். ஒன்று, ஒரு நிறம் மற்றொன்றுக்குள் மங்கிக் கரையும் உருமறைப்பு ஓரங்கள். இரண்டு, வெள்ளி நிற உலோகப் பூச்சு. இவ்விரண்டிலும் தூரிகை அதற்கு ஈடாகாது. வாங்குவதாக இருந்தால் 0.3 மி.மீ. முனையுள்ள, இரட்டைச் செயல் விசை (அழுத்தினால் காற்றும் இழுத்தால் வண்ணமும் வரும் விசை) கொண்ட ஒன்றே போதும். 15 முதல் 20 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) அழுத்தத்தில் பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடும். அதோடு வெளியேற்று விசிறியும், கரிமக் கரைப்பான்களின் ஆவியைத் தடுக்கும் வடிகலன் பொருத்திய முகமூடியும் வாங்குங்கள். சாதாரணத் துணி முகமூடி, கடுமையான கரைப்பான் உள்ள லாக்கர் வண்ணத்தின் ஆவியைத் தடுக்காது. நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம்கூடத் தெளிக்கும்போது நுண்துளிகளாக நுரையீரலுக்குள் போகும் என்பதால், மணம் இல்லை என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

பூச்சுகளின் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். கடுமையான கரைப்பான் உள்ள லாக்கர் அடியில், அதன்மேல் அக்ரிலிக், அதற்கும் மேல் எனாமல் அல்லது ஓவிய எண்ணெய் வண்ணம் என்று போனால், மேலே பூசுவது கீழே உள்ளதைக் கரைக்காது. தகட்டுக் கோடுகளில் கருமை ஓடவிட்டு, மிகுந்ததைத் துடைத்தெடுக்கும் வேலை இந்த வரிசையால்தான் சாத்தியமாகிறது.

டெக்காலுக்கு முன்னால் பளபளப்பான வார்னிஷ் கட்டாயம். மங்கல் பூச்சின் பரப்பு நுணுக்கமாகச் சொரசொரப்பானது. டெக்கால் படலத்துக்கும் அதற்கும் இடையே காற்று சிக்கிக்கொள்வதால்தான் ஒளிபுகும் விளிம்புகள் வெள்ளியாக மின்னுகின்றன. பளபளப்புப் பரப்பில் ஒட்டி, மென்மையாக்கும் திரவத்தைத் தடவினால் டெக்கால் முதலில் சுருங்கிக் கசங்கியதுபோல் தெரியும். அப்போது கையே வைக்காதீர்கள், உலரும்போது அதுவே இழுத்துப் படிந்து கோடுகளுக்குள் இறங்கிவிடும். இறுதியில் மங்கல் வார்னிஷ் பூசினால் வண்ணமும் டெக்காலும் ஒரே பரப்பாகத் தெரியும்.

இன்னொன்று: உண்மை விமானத்தின் வண்ணக் குறியீட்டை அப்படியே 1/72 மாடலில் பூசினால் அது மிகக் கருமையாகத் தோன்றும். தொலைவில் உள்ள பொருளின் நிறம் காற்றின் ஊடே வெளிறித் தெரிவதற்கு நம் கண் பழகியிருப்பதே காரணம். எனவே சிறிய ஸ்கேல்களில் அடர்நிறங்களோடு சிறிது வெளிர்சாம்பலைக் கலந்துகொள்வதை நான் பரிந்துரைக்கிறேன். தூய கறுப்பை டயருக்குக்கூடப் பயன்படுத்த மாட்டேன்.

கண்ணாடிப்பேழை:

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். மாடல்களைக் கெடுப்பவற்றுள் தூசியைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். மூடிய பேழையும் மென்மையான ஒப்பனைத் தூரிகையும் இருந்தால் அது பெரிய சிக்கல் அல்ல. பொருள்களே ஒன்றையொன்று அரிப்பதுதான் பெரும்பாலோர் கவனிக்காத ஆபத்து.

உங்கள் 1/35 டாங்கியின் சங்கிலிப்பட்டை மென்மையான வினைலால் ஆனதா என்று இன்றே பாருங்கள். மென்மைக்காக வினைலில் சேர்க்கப்படும் எண்ணெய்த்தன்மையுள்ள பொருள் மெல்ல மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் (மாடல் பாகங்கள் செய்யப்படும் பிளாஸ்டிக்) சக்கரங்களை இளக வைக்கும். சில ஆண்டுகளில் சக்கரம் உருகியதுபோல் குழிந்துவிடும். கட்டும்போதே சக்கரத்தின் விளிம்பில் வண்ணமும் வார்னிஷும் முழுமையாகப் பூசியிருந்தால் இது தாமதமாகும். பிரிக்காத கிட்களிலும் இது நிகழும்: வினைல் டயரும் பட்டையும் பாகச் சட்டங்களின் மீது நேரடியாகக் கிடக்கின்றனவா என்று பெட்டியைத் திறந்து பார்த்து, அவற்றைத் தனி உறையில் போட்டு வையுங்கள். சேகரிப்பாளர்கள் சிலர் பெட்டியின் முத்திரையைப் பிரிக்கவே கூடாது என்பார்கள். கட்டுவதற்காக வாங்கியவருக்கு அந்த அறிவுரை பொருந்தாது. உள்ளே பாகம் உருகிய பிறகு முத்திரையால் என்ன பயன்?

வார்ப்பு உலோகக் கார்களில் வேறொரு நோய் உண்டு. அவை துத்தநாகக் கலவையால் ஆனவை. வார்க்கும்போது காரீயம் போன்ற மாசு சிறிதளவு கலந்துவிட்டாலும், ஈரப்பதம் மிகுந்த சூழலில் உலோகத்தின் நுண்படிக மணிகளுக்கு இடையே அரிப்பு பரவி, உடல் வீங்கி, வெடித்து, இறுதியில் கையில் உதிரும். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய வார்ப்புகளில் இது அதிகம். தொடங்கிய அரிப்பை மீட்டெடுக்க வழியில்லை. வெப்பத்தையும் ஈரத்தையும் சீராக வைத்துத் தாமதப்படுத்த மட்டுமே முடியும். பழைய கார் ஒன்றை வாங்கும்போது அடித்தகட்டில் மெல்லிய விரிசல்களும், வண்ணத்துக்கு அடியில் கொப்புளங்களும் உள்ளனவா என்று உருப்பெருக்கியால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கப்பல்துறை அவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: மரக் கப்பல் மாடல்களில் உள்ள காரீய நங்கூரங்களும் பீரங்கிகளும், காற்றோட்டமில்லாத மரப்பேழைக்குள் வெள்ளைப் பொடியாக மாறுவதுண்டு. ஓக் போன்ற மரங்களும் சில பசைகளும் வெளிவிடும் அசிட்டிக் அமிலத்தின் ஆவி காரீயத்தைக் கார்பனேட்டாக மாற்றுவதே இதற்குக் காரணம். பேழை செய்பவர்கள் அக்ரிலிக் தகட்டையும் உலோகச் சட்டத்தையும் தேர்ந்தெடுத்து, காற்று மெல்ல வந்துபோகச் சிறு துளைகள் விட வேண்டும்.

சூரிய ஒளி எல்லாவற்றுக்கும் பகை. புற ஊதாக் கதிர் வெள்ளைப் பாலிஸ்டைரீனையும் தெளிவான பாகங்களையும் மஞ்சளாக்கும், சிவப்பு வண்ணத்தை வெளிறச் செய்யும். எல்.இ.டி. விளக்குகளில் அந்தக் கதிர் மிகக் குறைவு; அவற்றையும் பேழைக்கு வெளியே பொருத்தினால் உள்ளே வெப்பம் சேராது. சூரிய ஒளிக்கு ஒரே ஒரு நல்ல பயன் உண்டு: பழைய கிட்டில் மஞ்சளித்த டெக்கால் தாளை ஓர் உறையிலிட்டுச் சன்னல் கண்ணாடியின் உட்புறம் சில நாள்கள் ஒட்டி வைத்தால், அதன் தெளிவான படலம் மீண்டும் வெளிறிவிடும். அப்படி மீட்ட டெக்காலை நீரில் இடுவதற்கு முன்பு ஒரு மூலையிலுள்ள தேவையற்ற சின்னத்தை வைத்துச் சோதித்துப் பாருங்கள். நீரில் சிதறினால், தாள் முழுவதும் மெல்லிய வார்னிஷைப் பூசி உலரவிட்டு, ஒவ்வொரு சின்னத்தையும் விளிம்பையொட்டித் தனித்தனியே வெட்டிப் பயன்படுத்தலாம்.

விமானி அறையின் கண்ணாடி மூடியைச் சயனோஅக்ரிலேட் பசையால் (நொடியில் ஒட்டும் சூப்பர் க்ளூ) ஒட்டாதீர்கள். அதன் ஆவி தெளிவான பாகத்தின்மேல் வெள்ளைப் படலமாகப் படியும். சில வேளைகளில் அது ஒட்டிய மறுநாள்தான் உட்புறத்தில் தெரியவரும், அப்போது துடைக்க வழியிருக்காது. மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பி.வி.ஏ. பசை அந்த இடத்துக்குப் போதுமான பிடிப்புத் தரும், மிகுந்ததை ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

சிறகளவு:

பிரிக்காத கிட்களைப் பற்றி ஒரு சிறு கூடுதல் குறிப்பு. பெட்டிகளைச் செங்குத்தாக நிறுத்தாமல் படுக்கையாக அடுக்குங்கள்; ஆனால் உயரமாக அடுக்காதீர்கள். நீண்ட இறக்கைப் பாகங்கள் வெப்பமான அறையில் சுமையின்கீழ் வளைந்துவிடும். வளைந்த இறக்கையைக் கொதிக்காத, கை பொறுக்காத சூடுள்ள நீரில் சில நொடிகள் அமிழ்த்தி, கையுறையோடு மெல்ல நேராக்கி, அதே நிலையில் பிடித்தபடி குளிர்ந்த நீரில் காட்டினால் பெரும்பாலும் நேராகிவிடும். 1/72 லங்காஸ்டர் போன்ற பெரிய கிட்டைத் தொடங்கும்போது, ஒட்டுவதற்கு முன்பு இரண்டு இறக்கைகளையும் உடலில் பொருத்திப் பார்த்து, முனைகள் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள்.